டெத் மெட்டலுக்கு டிக்கெட், சாவு மோளத்துக்குச் சிரிப்பா?

அன்று இரவு நானும் சிரித்தேன். அதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

பெங்களூரில் வைட்ஃபீல்டு பக்கம் ஓர் அரங்கு. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த ஒரு டெத் மெட்டல் குழு, அதற்கு முன்னால் உள்ளூர்க் குழுக்கள் இரண்டு. டிக்கெட் ஆயிரத்து இருநூறு ரூபாய். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிற பல ஆயிரம் பேரில் நானும் ஒருவன். அந்த ஆயிரத்து இருநூறைச் சேர்க்க இரண்டு மாதம் வெளியில் சாப்பிடுவதை நிறுத்தினேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆறு மணிக்கே போய் வரிசையில் நின்றேன்.

மெட்டல் கேட்டுப் பழகாத தோழர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது காதுக்கு இனிமையாக இருப்பதற்காகச் செய்த இசை இல்லை. கிதாரின் கம்பிகளைத் தளர்த்தி, ஒலியைக் கரகரவென்று உடைத்து, இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை மிதித்து, அடிவயிற்றிலிருந்து உறுமுவார்கள். சத்தம் காதில் நுழைவதற்கு முன்பே நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். மேடைக்கு முன்னால் நடுவில் கூட்டம் தானாக ஒரு வட்டத்தைத் திறக்கும். அதற்கு மாஷ் பிட் என்று பெயர். உள்ளே போனால் முட்டலாம், மோதலாம், தள்ளலாம். ஆனால் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் உடனே நின்று தூக்கிவிட வேண்டும். எவன் விழுந்தான், எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்பதில்லை. கை நீளும், தூக்கும், மறுபடி ஆட்டம் தொடரும்.

எனக்கு மெட்டல் பிடித்துப்போனதற்கு அந்த வட்டம்தான் காரணம். முன்பின் தெரியாத ஐம்பது பேரின் வியர்வை என் மேல் ஒட்டும், என் வியர்வை அவர்கள் மேல் ஒட்டும். தொட்டால் தீட்டு என்று மூவாயிரம் ஆண்டு சொல்லிவந்த நாட்டில், காசு கொடுத்து உள்ளே வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். ‘வால் ஆஃப் டெத்’ என்று இன்னொன்றும் உண்டு. பாடகர் கையைக் காட்டினால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கும், பாட்டு வெடித்ததும் இரண்டு பக்கமும் ஓடி வந்து மோதிக் கலந்துவிடும். எங்கள் பூர்வீக ஊரில் கூட்டம் பிரிந்தது பிரிந்ததுதான். ஊர் அந்தப் பக்கம், சேரி இந்தப் பக்கம். கலக்கச் சொல்லி எவனும் கை காட்டவில்லை.

அன்றைக்கு பிட்டில் ஒரு பையன் கால் இடறி என் முன்னால் விழுந்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். “தேங்க்ஸ் ப்ரோ” என்று கட்டிப்பிடித்தான். நிகழ்ச்சி முடிந்து வெளியே டீக்கடையில் அவனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் என்னோடு நின்றார்கள். சென்னையில் பொறியியல் படித்து இங்கே ஐடி வேலைக்கு வந்தவர்கள். எந்த ஊர் என்று கேட்டான். கே.ஜி.எஃப். என்றேன். “படம் பாத்தேன் ப்ரோ, செம மாஸ்” என்றான். 2018இல் வந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், பழகிவிட்டது. பிறகு அன்றைய குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. முதலில் வாசித்த உள்ளூர்க் குழுவின் டிரம்மர் தாளம் தவறியிருந்தார், உண்மைதான். அதற்கு அவன் சொன்னான்:

“அவன் எங்க டிரம்ஸ் அடிச்சான்? சாவு மோளம்ல அடிச்சான்!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோழர்களே, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நாங்கள் ஐந்து பேரும் அப்போதுதான் மூன்று மணி நேரம் டெத் மெட்டல் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். டெத் என்றால் சாவு. 1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உருவாகி, இந்த இசைக்கே முன்னோடி என்று கொண்டாடப்படும் குழுவின் பெயரே ‘டெத்’. எங்கள் சட்டைகளில் மண்டை ஓடு, பிணம், கல்லறை. சாவைப் பாட்டாக அடிப்பவனுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்துக் கைதட்டினோம். ஆனால் ஒருவனை மட்டம்தட்ட வேண்டும் என்றால் எங்களுக்குக் கிடைத்த சொல் ‘சாவு மோளம்’. ஆங்கிலத்தில் சொன்னால் கலை, தமிழில் சொன்னால் வசை. இரண்டுக்கும் நடுவே இருப்பது மொழி வேறுபாடு இல்லை, சாதி. ‘சாவு மோளம்’ என்ற சொல்லில் மோளம் யாருக்கும் உறுத்தவில்லை. அதை அடிக்கும் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதுதான் உறுத்துகிறது.

என் கொள்ளுத்தாத்தா வடாற்காட்டில் ஒரு கிராமத்தில் அந்த மோளம் அடித்தவர். விரும்பி அடித்த கலைஞர் இல்லை. ஊரில் சாவு விழுந்தால் போய் அடித்தே ஆக வேண்டும். நெருப்பில் பறையைக் காய்ச்சி, ஒரு கையில் நீளக் குச்சி, மறு கையில் கட்டைக் குச்சி வைத்து, பிணம் எடுக்கும்வரை நின்று அடிக்க வேண்டும். கூலி என்று பெயருக்குக் கொஞ்சம் தானியம். மாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்பது சேரியில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஓர் இரவு பறையை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தங்கவயலுக்கு நடந்து வந்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் சொல்லும் கதை. பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்வது அந்த ஊரில் மேலே நின்று மோளம் அடிப்பதைவிட மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஊரைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மகன், என் தாத்தா, சாம்பியன் ரீஃபில் முப்பத்திரண்டு வருடம் துளைபோடும் மிஷின் பிடித்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கி 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட சுரங்கம் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும்போது மேலே லைன் வீட்டில் பாத்திரம் ஆடும், பெண்கள் குழியைப் பார்த்து ஓடுவார்கள். தூசி நுரையீரலில் படிந்து எத்தனையோ பேர் இருமி இருமியே போனார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அங்கே வந்தது தங்கத்துக்காக. அதைத் தோண்டியவர்கள் தட்டி வீட்டில் கிடந்தார்கள். ஆனால் அதே மாரிகுப்பத்தில்தான் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. குழிக்குள் இறங்கிய கைகள் மேலே வந்து ‘தமிழன்’ இதழைப் பிரித்துப் படித்தன.

தாத்தாவுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மிஷின் சத்தம் தின்றுவிட்டது. நான் கல்லூரிக் காலத்தில் ஸ்பீக்கரில் மெட்டல் போட்டபோது கேட்கிற காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: “இன்னாடா இது, ட்ரில்லு ஓடற மாதிரியே கீது? இதுக்கா காசு குட்த்து போற?”

தாத்தா சொன்னதுதான் சரி. அது துளை மிஷின் சத்தம்தான். 1968இல் பர்மிங்ஹாமில் பிளாக் சபாத் தொடங்கிய நான்கு பேரும் தொழிற்சாலை நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். கிதார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தபோது, இயந்திரம் அவர் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை வெட்டிவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பின்னால் வலி குறைய கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். மெட்டலின் கனமான அந்த அடிக்குரல் வளர்ந்தது இப்படித்தான். இயந்திரம் கடித்துத் துப்பிய ஒரு தொழிலாளியின் கைக்கும் அதில் பங்கு உண்டு. அப்படியென்றால் இந்த இசைக்கு இந்தியாவில் முதல் வாரிசு யார்? ஏசி அறையில் கீபோர்டு தட்டுகிறவனா, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் காதைத் தொலைத்தவனின் பேரனா?

இங்கே ஒரு குரல் எழும்: “மெட்டலுக்குச் சாதி கிடையாது ப்ரோ. இசையில் அரசியலைக் கொண்டு வராதீர்கள்.”

கொண்டு வருவது நானா? அரசியல் ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதே பர்மிங்ஹாமிலிருந்து வந்த நேபாம் டெத் 1987இல் முதல் தொகுப்பிலேயே பெருநிறுவனங்களைத் திட்டியது. நாஜிகளுக்கு எதிரான பங்க் பாட்டொன்றை இன்றுவரை மேடையில் பாடுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. நார்வேயில் பிளாக் மெட்டல் பையன்கள் சிலர் 1992இல் பழைய மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். கொலைக்கும் தீவைப்புக்கும் 1994இல் தண்டனை பெற்ற ஒருவன் பின்னாளில் அப்பட்டமான இனவெறியைப் பரப்பினான். நாஜி பிளாக் மெட்டல் என்று ஒரு கிளையே முளைத்தது. அதை எதிர்த்து மெட்டல் ரசிகர்களே சண்டை போடுகிறார்கள். இன்னொரு புறம் ஸீல் அண்ட் ஆர்டோர் என்ற குழு, அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் கிறிஸ்துவுக்குப் பதிலாகச் சாத்தானைத் தேர்ந்திருந்தால் என்ன பாடியிருப்பார்கள் என்று கேட்டு, அடிமைகளின் பாட்டையும் பிளாக் மெட்டலையும் ஒன்றாகக் கோத்தது. வெள்ளையர் வீட்டு இசை என்று பெயரெடுத்த இடத்தில் கறுப்பு வரலாறு தன் குரலில் பேசியது. எல்லாம் அரசியல்தான்.

இந்தியாவில் எப்படி? சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா தன் இசையை ‘வேத மெட்டல்’ என்று அழைத்துக்கொண்டது. மும்பையின் டெமோனிக் ரிசரெக்‌ஷன் 2017இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தசாவதாரம்’. நல்ல வாசிப்பு, மறுக்கவில்லை. அவர்கள் சாதிவெறியர்கள் என்றும் நான் சொல்லவில்லை. நான் கேட்பது ரசிகர்களை. பத்து அவதாரத்தைப் பாடினால் அது புராணம், பண்பாடு, நம் அடையாளம். அதே மேடையில் கீழ்வெண்மணியைப் பாடினால் மட்டும் அது எப்படி அரசியல் ஆகிவிடுகிறது? 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் அடைத்து எரிக்கப்பட்ட 44 பேரைவிட டெத் மெட்டலுக்குப் பொருத்தமான பாடுபொருள் இந்த மண்ணில் உண்டா?

இன்னும் ஒன்று. மெட்டல் தன்னைக் கலகம் என்று சொல்லிக்கொள்கிறது. தலைகீழ்ச் சிலுவை, சாத்தான், ஆட்டுத்தலை. சிலுவை ஆண்ட ஐரோப்பாவில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாக இருக்கும் இந்தியாவில், அவர்களின் தேவாலயங்கள் அவ்வப்போது தாக்கப்படும் நாட்டில், தலைகீழ்ச் சிலுவை மாட்டிக்கொள்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? யார் உன்னை அடிப்பார்கள்? வாடகைக்கு எடுத்த கலகம் அது. விடிந்ததும் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா பார்த்து வைத்த சொந்தச் சாதிப் பெண்ணுக்குத் தாலி கட்டப் போகலாம்.

இந்த மண்ணின் கலகக்காரர்கள் உள்ளூர்க் கடவுளை எதிர்த்தார்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிந்தது. 1953இல் பெரியார் பிள்ளையார் பொம்மையைத் தெருவில் உடைத்தார். எதிரே இருந்தது நிஜமான அதிகாரம், வாங்கியது நிஜமான கல்லடி. நார்வேக்காரன் தீ வைத்ததைப் பாடமாகப் படிக்கிற பையனுக்கு மகாத் தெரியாது என்றால் அவன் கலகத்தைப் படிக்கவில்லை, ஃபேஷனைப் படித்திருக்கிறான்.

ஃபேஷன் என்றதும் தோல் ஜாக்கெட் நினைவுக்கு வருகிறது. மெட்டல் ரசிகனின் சீருடை அது. அன்றும் பத்துப் பேராவது வேர்க்க வேர்க்க அதை மாட்டிக்கொண்டு நின்றார்கள். தோலை யார் பதனிடுகிறார்கள்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். தோல் ஜாக்கெட்டாக உன் தோளில் ஏறும்போது கெத்து, அதே தோலை உரித்தவன் தெருவில் நடந்தால் தீட்டா?

டிரம்ஸுக்கும் இதே கணக்குத்தான். இன்று டிரம்ஸில் இருப்பது பிளாஸ்டிக். 1950களின் இறுதியில்தான் அது பரவியது. அதற்கு முன் வெள்ளைக்காரன் அடித்ததும் கன்றுத்தோல்தான். யாரும் அவனைச் சேரியில் வைக்கவில்லை. நம் கச்சேரி மேடையின் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. வாசிப்பவருக்கு விருது, தோலைத் தேர்ந்து இழுத்துக் கட்டியவருக்குப் பெயர்கூட இல்லை. அந்தப் பெயர்களை எழுதி டி.எம்.கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ வெளியிட்டபோது, கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. ஆகவே தீட்டு தோலில் இல்லை. தோலைத் தொடுகிறவனுக்கு நீ வைத்திருக்கும் பெயரில் இருக்கிறது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இயக்கத் தோழர்கள் சிலர் மெட்டல் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். “மேட்டுக்குடிப் பிள்ளைகளின் காட்டுக்கத்தல், நமக்கு எதற்கு? நமக்குப் பறை இருக்கிறது, கானா இருக்கிறது.” அக்கறையோடு சொல்வதுதான், புரிகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உன் இசை இதுதான் என்று எங்களுக்கு வரையறுத்துக் கொடுத்தவன் சாதிக்காரன். அதே கோட்டை நாமும் ஏன் போட வேண்டும்? பறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த என் கொள்ளுத்தாத்தாவும் சரி, அதே பறையை இன்று விரும்பிக் கையில் எடுத்து விடுதலைக்கருவி என்று அடிக்கும் தங்கையும் சரி. முன்னது மறுக்கும் உரிமை, பின்னது மீட்கும் உரிமை. மூன்றாவதாக ஓர் உரிமையையும் கேட்கிறேன்: உலகத்தின் எந்தக் கருவியையும் எடுத்து எங்கள் சத்தத்தை எழுப்பும் உரிமை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது பறையும் கானாவும் ராப்பும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒன்றாகத்தானே நின்றன? அந்த மேடை மூடிவிடவில்லை. அதில் இன்னும் உரக்க உறுமும் ஒரு குரலுக்கும் இடம் உண்டு.

உண்மையான தடை ரசனை இல்லை, காசு. ஓரளவு நல்ல கிதார், ஆம்ப், டிரம் செட், சத்தம் வெளியே போகாத பயிற்சி அறை. இவையெல்லாம் எந்த வீட்டில் இருக்கும்? லைன் வீட்டில் டிரம் செட் வைத்தால் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்காது. அன்று இரவு மேடையில் நின்றவர்களில் எத்தனை பேர் எங்கள் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் நிகழ்ச்சி முடிந்து ஸ்பீக்கர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிய அண்ணன்கள் என் அப்பா பேசும் அதே தமிழில் பேசிக்கொண்டார்கள். உடைந்த பிளாஸ்டிக் கோப்பைகளைக் கூட்டிப் பெருக்கிய அக்காவும் அப்படித்தான். பிட்டில் சாதி இல்லை என்கிறவர்கள் கொஞ்சம் நேரம் தங்கி, விளக்கு போட்ட பிறகு அரங்கைப் பாருங்கள்.

அன்று கடைசி வண்டி போய்விட்டது. வைட்ஃபீல்டு ஸ்டேஷனில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காதில் இன்னும் ஙொய்யென்று சத்தம். அந்தச் சிரிப்பு மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. ஏன் சிரித்தேன்? பயம்தான். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார்கள். பார்த்தால் கணக்குப் போடுவார்கள். பிட்டில் என் வியர்வையைத் துடைக்காமல் கட்டிப்பிடித்தவன், கணக்குப் போட்ட பிறகும் கட்டிப்பிடிப்பானா என்று தெரியாத பயம். ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து மூன்று மணி நேரம் இறக்கி வைத்த பயம், ஒரு சொல்லில் திரும்பி வந்து தோளில் ஏறிக்கொண்டது. வேலை பார்க்கிற இடத்தில், வாடகை வீடு தேடுகிற இடத்தில் இந்தச் சிரிப்பைச் சிரித்த ஆயிரம் பேர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நம் சிரிப்பில்தான் அந்தச் சொல் உயிர் வாழ்கிறது.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டில், பள்ளியில், சினிமாவில் கேட்ட சொல்லை யோசிக்காமல் சொன்னான். யோசிக்காமல் சொல்ல முடிவதுதான் சாதியின் வசதி. அந்த வசதியைக் கெடுப்பது நம் வேலை.

மெட்டல் கேட்கும் நண்பர்களுக்கு: பிட்டில் விழுந்தவனைத் தூக்கும் சட்டத்தை வெளியே டீக்கடைவரை கொண்டு வாருங்கள். யாராவது ‘சாவு மோளம்’ என்று சிரித்தால், நீயும் சாவுப் பாட்டுக்குத்தானே டிக்கெட் வாங்கினாய் என்று கேளுங்கள். பாட்டு எழுதுகிறவர்கள் நார்வேயின் பனியை விட்டு இறங்கி வாருங்கள். இங்கே எரிந்த குடிசைகள் இருக்கின்றன, மூடிய குழிகள் இருக்கின்றன.

இயக்கத் தோழர்களுக்கு: படிப்பகத்தில் ஒரு மூலையை, வாரத்தில் இரண்டு மாலைகளை, பயிற்சிக்காகத் திறந்து கொடுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு டிரம் செட் வாங்க உதவுங்கள். ஏப்ரல் 14க்குத் தங்கவயலில் தெருத்தெருவாக மேடை போடுகிறோம். அதில் அரை மணி நேரம் எங்களுக்கு வேண்டும்.

சாதி ஆயிரமாயிரம் ஆண்டுகளாக எங்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: சத்தம் போடாதே, நாங்கள் சொல்லும்போது மட்டும் அடி. அப்படி அடிக்க மறுத்தவரின் கொள்ளுப்பேரன் நான். அடுத்த நிகழ்ச்சிக்கும் போவேன், பிட்டில் இறங்குவேன், விழுகிறவனைத் தூக்குவேன். டீக்கடையில் அந்தச் சொல் மறுபடி வந்தால் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வேன்: “அந்த மோளத்தை அடிச்சது எங்க கொள்ளுத்தாத்தா, ப்ரோ. சொல்லு, அதுல இன்னா காமெடி?”